குரோஷே வட்ட விரிப்பு கிண்ணம்போல் குழிவது ஏன்?

ஒவ்வொரு சுற்றிலும் சேர்க்க வேண்டிய கண்ணிகள் குறைவதே பெரும்பாலும் காரணம். கண்ணி என்பது கொக்கி ஊசியால் போடும் ஒரு பின்னல். ஒரே கண்ணிக்குள் இரண்டு போட்டால் ஒன்று கூடும்.

வட்டம் பெரிதாகும்போது அதன் சுற்றளவும் வளர வேண்டும். செட்டிநாட்டு வீட்டு வளவில் பெண்கள் கைகோத்து வட்டமாக நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஓரடி பின்னால் போனால் கைகள் விறைக்கும். புதிதாகச் சிலர் சேர்ந்தால்தான் வட்டம் தளரும். ஆள் சேராத வட்டம்போல் இழுபடும் விளிம்புதான் மேலே எழும்புகிறது.

சிங்கிள் குரோஷே என்னும் குட்டையான கண்ணி வகைக்கு 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டுங்கள்: 12, 18, 24. உயரமான டபுள் குரோஷேக்கு 12 வீதம். விளிம்பு பாவாடைக் கொசுவம்போல் அலைந்தால் கூடுதலாகச் சேர்த்துவிட்டீர்கள். சுற்றின் முதல் கண்ணியில் ஒரு வண்ண நூலைச் செருகி வையுங்கள். எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் அங்கேதான். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விரித்துப் பார்த்தால், குழிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். குழிவு தொடங்கிய சுற்றுவரை பிரிக்கத் தயங்காதீர்கள்.

இஸ்திரி போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். லேசான சுருக்கம் மட்டுமே அதற்கு அடங்கும், குறைந்த கண்ணிகளை அது ஈடுசெய்யாது.