செர்னோபில் மாடுகளைப் பற்றிப் படித்த பெண்ணுக்கு என்ன படிப்பு?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், செலினியமும் அயோடினும் கொடுத்துக் கால்நடைகளைக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். "இதை நம்பி எப்படி அனுப்புவது, உடம்புக்கு ஆபத்தில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தப் பெயரில் தனியாக இளநிலைப் பட்டம் கிடையாது. முதலில் கால்நடை மருத்துவம், அதாவது பி.வி.எஸ்சி. படிக்கட்டும். உள்ளுறைப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகள். நான் இதை வலியுறுத்தக் காரணம் அந்த ஆராய்ச்சியிலேயே இருக்கிறது.

1986 ஏப்ரலில் உக்ரைனில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது. மாடு மேய்ந்தது; பால் வழியாகக் குழந்தைகளின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குப் போனது. மண்ணில் இயல்பாகவே அயோடின் குறைந்த வட்டாரம் அது. அதனால் சுரப்பி கதிரியக்க அயோடினை இன்னும் அதிகமாக இழுத்துக்கொண்டது. முன்கூட்டியே சாதாரண அயோடின் கொடுத்திருந்தால் சுரப்பி நிரம்பி, கதிரியக்க அயோடினுக்கு இடமில்லாமல் போயிருக்கும். ஆனால் ஒரு நாள் தாமதித்துக் கொடுத்தாலே பெரிதாகப் பயனில்லை. அது காப்பதும் தைராய்டை மட்டும்தான். உலையிலிருந்து வந்த இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம்-137க்கு அயோடின் உதவாது. நார்வேயில் அதற்காக ஆடுகளுக்கும் கலைமான்களுக்கும் சீசியத்தைக் குடலிலேயே பிடித்துவைக்கும் பிரஷ்ய நீலம் என்ற நிறமி கலந்த உப்புக்கட்டிகளை நக்க வைத்தார்கள்.

செலினியம் வேறு வகை. கதிர்வீச்சு செல்லுக்குள் உண்டாக்கும் பெராக்சைடுகளை அழிக்கும் நொதி ஒன்றுக்கு அது தேவை. தைராய்டு ஹார்மோன் செயல்படும் வடிவத்துக்கு மாறவும் தேவை. சுண்டெலிகளுக்குக் கதிர்வீச்சுக்கு முன்பே கொடுத்துப் பார்த்ததில் உயிர் பிழைத்தவை கூடின. ஆனால் அளவு கொஞ்சம் தப்பினால் அதுவே நஞ்சு. பஞ்சாபில் செலினியம் மிகுந்த மண்ணில் விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பு வெடித்து, வால் முடி உதிர்ந்திருக்கிறது.

எந்த விலங்குக்கு, எவ்வளவு, எப்போது என்பதுதான் இங்கே முழு வித்தையும். அதைக் கற்றுத்தருவது கால்நடை ஊட்டச்சத்தியலும் நச்சியலும், கால்நடை முதுநிலைப் பட்டமான எம்.வி.எஸ்சி.யில் இந்த இரண்டில் ஒன்றை எடுக்கலாம். அப்புறம் முனைவர் பட்டத்துக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு உயிரியல் பிரிவு, டெல்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் இன்மாஸ் ஆய்வகம் போன்ற இடங்களைப் பார்க்கலாம்.

நடுவில் மனம் மாறினாலும் நஷ்டமில்லை. நம் ஊர்ப் பசுக்களுக்குத் தாது உப்புக் கலவை வகுக்கவும் இதே அறிவுதான் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் ஆகலாம். பால் ஒன்றியங்களிலும் தீவன நிறுவனங்களிலும் வேலை இருக்கிறது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். கதிர்வீச்சு ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் சட்டையில் சிறிய அளவி வில்லை ஒன்றைக் குத்திக்கொள்வார்கள். வாங்கிய கதிர்வீச்சை அது பதிவு செய்யும். அதை முறையாக எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். இந்தியாவில் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). கண்காணிப்பு உள்ள வேலை இது, தைரியமாக அனுப்பலாம்.

இப்போதைக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் மதிப்பெண் முக்கியம். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீத இடங்களுக்காக நீட்டும் எழுதட்டும். விடுமுறையில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் அனுமதி கேட்டு ஒரு வாரம் நிற்கச் சொல்லுங்கள். சாணமும் ரத்தமும் அவளுக்கு ஒத்துவருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.