சித்தப்பாவின் உரிமை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினைந்தாம் நூற்றாண்டு மாஸ்கோவின் பங்காளிச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்குப் பிறகு பட்டம் மகனுக்குத்தானே? அண்ணன் மகனிடமிருந்து அதைப் பிடுங்க வந்த யூரியைப் பேராசைக்காரர் என்று ஏன் சொல்லவில்லை? மாஸ்கோவைப் பிடித்தும் 1433இல் அவர் ஏன் விட்டுப் போனார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

யூரியைப் பேராசைக்காரர் என்று என்னால் எழுத முடியாது. அவர் கையில் எழுத்து இருந்தது.

ரஷ்ய இளவரசர்களின் பழைய முறைப்படி பட்டம் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகும். தம்பிகள் தீர்ந்த பிறகே மூத்தவரின் மகனுக்கு வரும். யூரியின் தந்தை திமீத்ரி தான்ஸ்கோய் 1389இல் எழுதிய உயிலும், மூத்தவன் வசீலி இறந்தால் அவன் பங்கு அடுத்த தம்பிக்கு என்கிறது. அப்போது வசீலிக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிள்ளையில்லாமல் இறந்தால் என்றுதான் தந்தை நினைத்திருப்பார் என்பது என் கருத்து. ஆனால் உயிலில் அந்த நிபந்தனை இல்லை. 1425இல் வசீலி இறந்தபோது அவர் மகன் இரண்டாம் வசீலிக்குப் பத்து வயது நிறையவில்லை. யூரி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் பையனின் தாய்வழித் தாத்தா, லித்துவேனியாவை ஆண்ட வித்தவுதாஸ், 1430இல் கண்மூடும்வரை பொறுத்திருந்தார். ரஷ்ய இளவரசர்களுக்கு மேலாளராக இருந்து பட்டத்தை உறுதிசெய்த தார்த்தாரியக் கான், 1432இல் அதைப் பையனுக்கே கொடுத்தார்.

1433இல் இந்த இரண்டாம் வசீலியின் திருமணத்துக்கு யூரியின் மகன் கொசோய் தங்க இடைவாரோடு வந்தார். அது தான்ஸ்கோயிடமிருந்து களவு போன வார் என்று சொல்லி, வசீலியின் தாய் சோஃபியா சபை நடுவே அவர் இடுப்பிலிருந்து அதை அவிழ்த்தெடுத்தார். சண்டைக்கான காரணம் முன்பே இருந்தது; வார் அதைப் பற்றவைத்தது. ஏப்ரலில் கிளியாஸ்மா ஆற்றங்கரையில் வென்று யூரி மாஸ்கோவுக்குள் நுழைந்தார்.

அங்கேதான் தவறு நடந்தது. ஆலோசகர் மொரோசோவின் பேச்சைக் கேட்டு, தோற்ற வசீலிக்குக் கொலோம்னா நகரத்தைக் கொடுத்தார். மாஸ்கோவின் பொயார்கள், அதாவது நிலமும் பதவியும் உள்ள பிரபுக்கள், யூரியோடு அவருடைய சொந்த ஊரான கலிச்சிலிருந்து வந்த ஆட்களுக்குக் கீழே போக விரும்பவில்லை. குடும்பம் குடும்பமாகக் கொலோம்னாவுக்குக் கிளம்பினார்கள். ஆத்திரத்தில் யூரியின் மகன்கள் மொரோசோவைக் கொன்றார்கள். தாங்க ஆளில்லாத அரண்மனையை விட்டு யூரியே வெளியேறினார்.

1434இல் மறுபடி மாஸ்கோவைப் பிடித்தார், ஜூனில் இறந்துபோனார். உடனே கொசோய் தன்னை ஆட்சியாளராக அறிவித்துக்கொண்டார். கூடப்பிறந்த தம்பிகளே ஏற்கவில்லை. காரணம் எளிது. தான்ஸ்கோயின் மகன்களில் யூரிதான் கடைசியாக எஞ்சியிருந்தவர். அவர் போனபின், அவர் பேசிய அதே பழைய முறைப்படியே உரிமை மூத்த அண்ணன் மகன் வசீலிக்குத்தான்.