பையன் ரேஸ் ஓட்டப் போகிறேன் என்கிறான்

அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட்டிலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு,

உங்கள் மெயிலில் ஒரே கேள்வி மூன்று முறை வருகிறது: "இதில் சோறு கிடைக்குமா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உங்கள் மனதில் ஓடுவது டிவியில் வரும் டேடோனா மாதிரிப் பெரிய கார் பந்தயம். பையன் சொல்வது உள்ளூர் டிராக்கில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் பந்தயம். இரண்டும் வேறு வேறு பிழைப்பு.

ரிச்சி எவன்ஸ் என்று ஒருவர். நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊர்ப் பக்கம். 16 வயதில் பண்ணையை விட்டுவிட்டு மெக்கானிக் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1962-இல் யூடிக்கா-ரோம் டிராக்கில் ஓட்டத் தொடங்கினார். நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பின் மாடிஃபைட் பிரிவில், அதாவது பந்தயத்துக்கென்றே மாற்றியமைத்த கார்களின் பிரிவில், 9 முறை தேசிய சாம்பியன். அதில் 1978 முதல் 1985 வரை வரிசையாக 8. நாஸ்காரின் உச்சப் பிரிவான கப் பந்தயங்களின் பக்கம் போய்ப் பிழைக்காமலேயே 2012-இல் நாஸ்கார் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். அது உங்கள் ஊரிலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

1979-இல் மட்டும் 60 மாடிஃபைட் பந்தயங்கள், 37 வெற்றி. வெற்றியை விடுங்கள், அந்த 60-ஐ யோசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வண்டியைப் பிரித்து, மாட்டி, டிரெய்லரில் ஏற்றி, ஊர் ஊராக இழுத்துப் போக வேண்டும். இது மாதச் சம்பள வேலை இல்லை. பரிசுப் பணம் பெரும்பாலும் டயருக்கும் எஞ்சினுக்குமே போய்விடும். அதனால்தான் உள்ளூர் டிராக்குகளில் ஓட்டுபவர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை உண்டு.

ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்குள் ஒரு சனிக்கிழமை அவனை வின்ஸ்டன்-சேலத்தில் இருக்கும் போமன் கிரே ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போங்கள். ஃபுட்பால் மைதானத்தைச் சுற்றிக் கால் மைல் டிராக். 1949 முதல் நாஸ்கார் பந்தயம் நடக்கிற இடம். பந்தயம் தொடங்குமுன், வண்டிகளைத் தயார் செய்யும் பிட் பக்கம் போய் நில்லுங்கள். யாராவது குனிந்து, டேப் வைத்துப் பின் டயரின் சுற்றளவை அளந்துகொண்டிருப்பார். இந்த நீள்வட்ட டிராக்கில் எப்போதும் இடது பக்கமே திரும்ப வேண்டும் என்பதால், வலது பின் டயர் இடதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பேப்பர் கப்பைத் தரையில் உருட்டினால் வளைந்து ஓடுமே, அதே சங்கதிதான். தம்பி அந்த டேப்பைப் பார்க்கிறானா, டிரைவரின் உடுப்பைப் பார்க்கிறானா என்று மட்டும் கவனியுங்கள்.

டேப்பைப் பார்த்தால் நல்ல காலம். சார்லட் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கோடு மோட்டார் பந்தயப் படிப்பும் உண்டு. மூர்ஸ்வில், கான்கார்ட் பக்கம் டீம்களின் பட்டறைகள் நிறைய. அங்கே ஸ்டியரிங் பிடிப்பவர் ஒருவர் என்றால், வெல்டிங், சஸ்பென்ஷன், கணக்கு என்று சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் பலர். ஓட்டும் ஆசைக்குக் கோடையில் சார்லட் மோட்டார் ஸ்பீட்வேயில் லெஜெண்ட் கார் பந்தயம் இருக்கிறது. பைக் எஞ்சின் போட்ட சின்ன வண்டி. வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓய்வூதியப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

நம்மவர்கள் யாராவது உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கோவை நரேன் கார்த்திகேயன் 2010-இல் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் நாஸ்கார் பிக்கப் டிரக் பந்தயத்தில் இறங்கி 13-ஆவதாக வந்தார். ஆனால் அதற்கு முன்பே ஃபார்முலா ஒன் ஓட்டியவர் அவர். உங்கள் பையனுக்கு அளவுகோல் ஆக மாட்டார்.

அதே மார்ட்டின்ஸ்வில்லில்தான் 1985 அக்டோபரில் பயிற்சி ஓட்டத்தில் மோதி எவன்ஸ் இறந்தார். வயது 44. இதைப் பையனிடம் மறைக்க வேண்டாம். ஹெல்மெட், கழுத்துப் பாதுகாப்புக் கருவி, சீட் மூன்றிலும் சிக்கனம் கூடாது.

அப்புறம், இவ்வளவு நீள மெயிலில் அவன் அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தச் சனிக்கிழமை அவரையும் அழைத்துப் போங்கள். காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள், சத்தம் பலமாக இருக்கும்.