சூரியகாந்திக்குக் கணக்குத் தெரியுமா?

கேள்வி: சூரியகாந்திப் பூவின் நடுவட்டத்தில் விதைகள் அமைந்திருக்கும் சுருள்களை எண்ணினால் ஒரு திசையில் 34, எதிர்த் திசையில் 55 என்று வரும் எனப் படித்தேன். எண்ணிப் பார்த்தபோது அப்படியே வந்தது. ஒரு செடிக்கு இந்த எண்கள் எப்படித் தெரியும்?

பதில்: படித்ததோடு நில்லாமல் எண்ணியும் பார்த்த உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89 என, முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும் ஃபிபனாச்சித் தொடர்வரிசையில் 34-உம் 55-உம் அடுத்தடுத்து நிற்பவை. ஆனால் செடிக்கு இந்த வரிசை தெரியாது. அது பின்பற்றுவது ஒரே ஒரு விதியைத்தான்: வளர்நுனியின் விளிம்பில் ஏற்கெனவே தோன்றிய அரும்புகளுக்கு நடுவே எங்கே அதிக இடைவெளி இருக்கிறதோ, அங்கேதான் புதிய அரும்பு தோன்றும். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹோஃப்மைஸ்டர் 1868-இல் இதை எடுத்துரைத்தார். ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனை ஒவ்வோர் அரும்பும் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதன் அருகிலேயே மற்றொன்று முளைக்க முடிவதில்லை என்பது மிகவும் பிற்காலத்தில் தெளிவான காரணம்.

இவ்விதியின்படி, அடுத்தடுத்த அரும்புகளுக்கு இடையிலான கோணம் பெரும்பாலும் 137.5 பாகையை ஒட்டி நிலைகொள்கிறது. எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு ஒன்றாக விதைகள் தோன்றினால் அவை சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல எட்டு நேர்வரிசைகளில் நின்று, இடையில் உள்ள இடமெல்லாம் வீணாகிவிடும். 137.5 பாகையோ ஒரு முழுச் சுற்றின் எளிய பின்னம் எதற்கும் அகப்படாத கோணம். அதனால் எந்த விதையும் இன்னொரு விதைக்கு நேர் பின்னால் வந்து நிற்பதில்லை.

இப்போது உங்கள் பூவுக்கு வருவோம். ஏதேனும் ஒரு விதையிலிருந்து, தோன்றிய வரிசைப்படி 34 விதைகள் தள்ளிச் சென்றால் 13 முழுச் சுற்றுகள் நிறைவடைய 5 பாகைக்கும் சற்றுக் குறைவாகவே எஞ்சியிருக்கும். 55 விதைகள் தள்ளிச் சென்றால் 21 சுற்றுகள் முடிந்து ஏறக்குறைய 3 பாகை கூடியிருக்கும். ஆக, முன்னது நம் விதைக்கு ஒரு பக்கமாகவும் பின்னது மறுபக்கமாகவும் மிக நெருங்கி அமைகின்றன. அருகருகே இருப்பவற்றைக் கோத்துப் பார்ப்பது கண்ணின் இயல்பு என்பதால், 34 சுருள்கள் ஒரு திசையிலும் 55 சுருள்கள் எதிர்த் திசையிலும் நமக்குப் புலப்படுகின்றன. 1992-இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் துவாதியும் கூதெரும் காந்தப்புலத்தில் வைத்த ஒரு தட்டின் நடுவில் காந்தத் திரவத்தைத் துளித்துளியாக விட்டுப் பார்த்தார்கள். ஒன்றையொன்று விலக்கியபடி விளிம்பை நோக்கி நகர்ந்த அந்த உயிரற்ற துளிகளும் இதே சுருள்களை வரைந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

கேள்வி: இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் ஃபிபனாச்சிதானா?

பதில்: இத்தாலியின் பீசா நகரைச் சேர்ந்த அவர் 1202-இல் முயல்களின் பெருக்கத்தைப் பற்றிய ஒரு புதிரின் வழியே இவ்வெண்களை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். அதற்கு முன்பே இந்தியாவில் யாப்பிலக்கணம் ஆராய்ந்த விரஹாங்கரும், 1150-ஐ ஒட்டி ஹேமச்சந்திரரும் இவ்வரிசையை விளக்கிவிட்டார்கள். நம் குறிலையும் நெடிலையும் போல ஒரு மாத்திரை அசையும் இரண்டு மாத்திரை அசையும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு குறிப்பிட்ட மாத்திரையளவுள்ள அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா.

நான்கு மாத்திரைக்கு எழுதிப் பாருங்கள். நான்கும் குறிலாக இருப்பது ஒரு விதம், இரண்டு குறிலோடு ஒரு நெடில் முதலிலோ நடுவிலோ இறுதியிலோ வருவது மூன்று விதம், இரண்டும் நெடிலாக இருப்பது ஒரு விதம், மொத்தம் 5. ஐந்து மாத்திரைக்கு 8 விதங்கள் கிடைக்கும். காரணம் எளியது. அந்த அடி குறிலில் முடிந்தால் அதற்கு முன்னால் நான்கு மாத்திரையும், நெடிலில் முடிந்தால் மூன்று மாத்திரையும் இருந்தாக வேண்டும். எனவே நான்கு மாத்திரைக்குரிய 5 விதங்களையும் மூன்று மாத்திரைக்குரிய 3 விதங்களையும் கூட்ட வேண்டியதுதான். முயல் புதிரைவிட இந்த வழிதான் மாணவர்களுக்கு நன்றாகப் புரியும் என்பது என் கருத்து.

கேள்வி: நாட்டிலஸ் என்னும் கடலுயிரியின் ஓடு பொன் விகிதச் சுருள் என்பது உண்மையா?

பதில்: இல்லை. அடுத்தடுத்த ஃபிபனாச்சி எண்களில் பெரியதைச் சிறியதால் வகுத்துக்கொண்டே போனால் நெருங்கிச் செல்லும் 1.618 என்ற அளவே பொன் விகிதம். கால் சுற்றுக்கு அத்தனை மடங்கு விரியும் பொன் விகிதச் சுருள் ஒரு முழுச் சுற்றில் ஏறத்தாழ 6.85 மடங்கு விரிய வேண்டும். நாட்டிலஸ் ஓடு ஏறத்தாழ மூன்று மடங்குதான் விரிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அதே மடங்கு பெருகுவதால் அதில் இருப்பது பெருக்குத் தொடர்வரிசை. வடிவம் மாறாமல் பெரிதாகும் எந்த ஓட்டுக்கும் அது பொருந்தும்.

கேள்வி: பூவிதழ்களின் எண்ணிக்கை எப்போதும் ஃபிபனாச்சி எண்ணாகத்தான் இருக்குமா?

பதில்: அப்படியானால் கடுகுப்பூவும் வெட்சிப்பூவும் நான்கு இதழ்களோடு பூக்க முடியாதே! ஐந்து இதழ்ப் பூக்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் பொருந்துபவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துப் பட்டியலிட்டுவிட்டு அதை இயற்கையின் சட்டம் என்று சொல்லக் கூடாது. சூரியகாந்தியிலேயே விலக்குகள் உண்டு. சில பூக்களில் 29, 47 என்ற எண்ணிக்கையில் சுருள்கள் அமைகின்றன. அவை 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று செல்லும் லூக்கா வரிசையின் எண்கள். அங்கேயும் முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கிறது. தொடக்க எண்கள் மட்டுமே வேறு. அத்தகைய பூவில் அரும்புகளுக்கு இடையிலான கோணம் 137.5 பாகையாக இல்லாமல் 99.5 பாகையை ஒட்டி இருக்கும். ஆகவே அடுத்த பூவில் 29 சுருள்கள் வந்தால், தவறாக எண்ணிவிட்டோமோ என்று விட்டுவிடாமல், எதிர்த் திசையில் 47 வருகிறதா என்று பாருங்கள்.