பிள்ளை எதைப் பார்த்தான், எதைச் செய்தான்? வாசகர் கேள்வி–பதில்

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில், கிரேட் 10-இல் எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று கேட்டு கிரேட் 9 பிள்ளைகளின் வீட்டுக்குப் படிவம் வரும் காலம் இது. இந்த மாதக் கடிதங்களும் பெரும்பாலும் அதைச் சுற்றியே வந்திருக்கின்றன.

கேள்வி: மகன் கிரேட் 9 படிக்கிறான். ஜூன் தேர்வில் மேத்ஸ் 42. “மேத்ஸுக்குப் பதில் அன்றாடக் கணக்குப் பாடமான மேத்ஸ் லிட்டரசி எடுக்கட்டும், மார்க்காவது வரும்” என்கிறது பள்ளி. டிசம்பர் லீவில் என் தம்பியோடு ஃப்ரிட்ஜ், ஏர்கான் ரிப்பேருக்குப் போய்வந்தான். அன்றிலிருந்து அதே பேச்சு. “கை அழுக்காகிற வேலைக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டினோம்?” என்கிறார் மாமனார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் அந்த 42-ஐப் பார்ப்போம். கிரேட் 9 தேற மேத்ஸில் 40 வேண்டும். ஆக, பையன் கரை சேர்ந்திருக்கிறான், ஆனால் விளிம்பில் நிற்கிறான். மீதி 58 எங்கே போயிற்று என்பதை மார்க் சொல்லாது, விடைத்தாள்தான் சொல்லும். கடைசி மூன்று தேர்வுத் தாள்களை எடுத்து, மார்க் போன ஒவ்வொரு இடத்திலும் அவனையே ஓர் எழுத்துப் போடச் சொல்லுங்கள். ‘தெ’ என்றால் தெரியவே தெரியாது. ‘ச’ என்றால் தெரியும், சறுக்கிவிட்டது. ‘கே’ என்றால் கேள்வியே புரியவில்லை.

சறுக்கல் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். அடைப்புக்குறிக்கு வெளியே மைனஸ் 3. உள்ளே எக்ஸ் மைனஸ் 4. பெருக்கினால் மைனஸ் 3எக்ஸ், பிளஸ் 12. பிள்ளை மைனஸ் 12 என்று எழுதிவிட்டு, அடுத்த ஐந்து வரியையும் பிசகில்லாமல் போட்டிருப்பான். விடை தப்பு. தாளில் ‘ச’ நிறைய இருந்தால் அவனுக்கு மேத்ஸ் வராது என்று அர்த்தமில்லை. தினம் இருபது நிமிடம், அதே வகைக் கணக்கு பத்து, ஒவ்வொரு வரியையும் மேல்வரியோடு ஒத்துப் பார்த்துப் போடட்டும். அடுத்த தேர்வுக்குள் வித்தியாசம் தெரியும். ‘தெ’ நிறைய இருந்து, தோண்டிப் பார்த்தால் கிரேட் 6, 7-இன் பின்னக் கணக்கே ஆடுகிறது என்றால் பாடு அதிகம். டியூஷனை அந்தப் பின்னத்திலிருந்து தொடங்க வேண்டும். கிரேட் 9 பாடத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொடுக்கும் டியூஷனுக்குக் காசு கட்டாதீர்கள். ‘கே’ இருக்கிறதே, அது மொழிச் சிக்கல். கேள்வியை அவன் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடங்கும் பழக்கம் வந்தால் பாதி தீரும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? கிரேட் 10-இல் எடுக்கும் ஏழு பாடங்களில் இரண்டு மொழி, வாழ்க்கைத் திறன் பாடமான லைஃப் ஓரியன்டேஷன், மேத்ஸ் அல்லது மேத்ஸ் லிட்டரசி என நான்கு கட்டாயம்; மூன்றுதான் நம் விருப்பம். மேத்ஸிலிருந்து லிட்டரசிக்கு இறங்குவது சுலபம். லிட்டரசியிலிருந்து மேத்ஸுக்கு ஏறியவர்கள் அபூர்வம், ஏனென்றால் விட்டுப்போன அல்ஜீப்ராவை யாரும் திரும்ப நடத்துவதில்லை. லிட்டரசி எடுத்தால் இன்ஜினீயரிங், மெடிசின், பி.எஸ்ஸி., கணக்காளர் ஆவதற்கான பி.காம். எல்லாம் கைவிட்டுப் போகும். சில ஹைஸ்கூல்களில் டெக்னிக்கல் மேத்ஸ் உண்டு; கைத்தொழில் பக்கம் போகிறவனுக்கு நல்ல வழி. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகப் படிப்புக்கும் அது செல்லாது என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

இனி அந்த டிசம்பர். மாமாவோடு போனான் என்பது நமக்குப் போதாது. போய் என்ன செய்தான்? பை தூக்கினானா, வாயு அழுத்தம் காட்டும் கேஜைக் கையில் பிடித்தானா? ஏர்கானில் கம்ப்ரசர் வாயுவை உறிஞ்சும் சக்ஷன் பக்கத்து அழுத்தம் குறைந்து நின்றால் வாயு கசிந்திருக்கலாம், இல்லை குழாயில் எங்கோ அடைப்பு இருக்கலாம். இரண்டுக்கும் ஊசி ஒரே மாதிரிதான் இறங்கும். “இரண்டில் எது என்று மாமா எப்படிக் கண்டுபிடித்தார்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால், முடியாவிட்டாலும் “அதைத்தான் நானும் கேட்கணும்” என்று பரபரத்தால், அவனைப் பிடித்திருப்பது வேலை. வேனில் சுற்றியதும் சாப்பாடும் கையில் கிடைத்த ஐம்பது ரேண்டும் மட்டுமே பேச்சில் வந்தால், அவனைப் பிடித்திருப்பது மாமா. அதுவும் நல்லதுதான், ஆனால் அதை நம்பிப் பாடம் எடுக்க முடியாது. அடுத்த லீவில் மாமா இல்லாத வேறொருவரிடம் மூன்று நாள் அனுப்பிப் பாருங்கள்.

மாமனார் விஷயம். அவர் பேச்சை வறட்டுக் கௌரவம் என்று தள்ளிவிட வேண்டாம். 1922-இன் அப்ரென்டிஸ்ஷிப் சட்டம், 1956-இன் இன்டஸ்ட்ரியல் கன்சிலியேஷன் சட்டத்தின் 77-ஆம் பிரிவு என்று வரிசையாக வந்தவை நல்ல கைத்தொழில்களை வெள்ளையருக்கென்று வேலிகட்டி வைத்த காலத்தில் வளர்ந்தவர் அவர். நம்மவர்களுக்குத் தலைநிமிர மிஞ்சியது ஆசிரியர் வேலை, டாக்டர், வக்கீல், கடை. 1929-இல் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று சாஸ்திரி கல்லூரி என்ற உயர்நிலைப் பள்ளி திறந்தபோது அது எத்தனை பெரிய கதவாகத் தெரிந்திருக்கும்! அந்தக் காலத்துத் தராசில் அவர் நிறுக்கிறார். இன்று தொழில் தகுதித் தேர்வான டிரேட் டெஸ்ட் தேறிய ஏர்கான் மெக்கானிக்குக்கு வேலை இருக்கிறது. குளிர்பதன வாயுவைக் கையாள, வாயு வேலை செய்வோரைப் பதிவு செய்யும் எஸ்.ஏ.கியூ.சி.சி. கேஸ் அமைப்பில் பதிவும் வேண்டும். ‘பதிவு எண் உள்ள தொழில்’ என்று சொல்லிப் பாருங்கள், அவர் காதில் வேறு மாதிரி விழும்.

டி.வெட் எனப்படும் அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ப்பதானால் கவுண்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பு எந்த டிரேட் டெஸ்டில் கொண்டுபோய் விடும்? வேலைத்தளப் பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருவது யார்? என்1, என்2 என்று போகும் பழைய ‘என்’ வரிசைச் சான்றிதழ்கள் படிப்படியாக நின்று புதிய தொழிற்படிப்புகள் வந்துகொண்டிருப்பதால் முதல் கேள்வி முக்கியம். பல பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்: தியரி முடிந்துவிடும், வேலைத்தளப் பயிற்சியைப் பதியும் லாக்புக் காலியாக இருக்கும், டெஸ்டில் உட்கார முடியாது.

கேள்வி: மகளுக்குப் பதினைந்து வயது. பெரியப்பா கடையில் சனிக்கிழமை வேலைக்குப் போகட்டுமா? படிப்பு கெடாதா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: பதினைந்துக்குக் கீழேயும், கட்டாயப் பள்ளிக் காலம் (பதினைந்து நிறையும் வருடத்தின் கடைசிப் பள்ளி நாள் அல்லது கிரேட் 9, எது முந்தியோ அது) முடியுமுன்னும் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். உங்கள் மகள் இரண்டையும் தாண்டியிருந்தால் போகட்டும். அரைநாள் போதும். ஷெல்ஃப் அடுக்குவதோடு நிறுத்தாமல், மாதம் ஒரு தடவையாவது கடை மூடும்போது கல்லா கணக்குப் பார்க்க விடச் சொல்லுங்கள். காலையில் கல்லாவில் போட்ட சில்லறை 500 ரேண்ட், மெஷின் காட்டும் விற்பனை 6,240, அதில் கார்டில் வந்தது 3,910. பெட்டியில் இருக்க வேண்டியது 2,830. எண்ணினால் 2,780. அந்த ஐம்பது எங்கே? அதைத் தேடாமல் வீட்டுக்கு வர மனமில்லாத பிள்ளைக்கு அக்கவுண்டிங் பாடம் பொருந்தும். “போகட்டும், காலையில் சாமான் வாங்க வந்த அந்த ஆன்ட்டி திரும்பி வந்தாங்களா?” என்று கேட்கிற பிள்ளைக்கு வேறு பாடம்.

கேள்வி: நான் கிரேட் 11. எங்கள் ஆயாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூடவே போய் உட்கார்ந்து உட்கார்ந்து, மருத்துவத் துறைதான் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் ‘டாக்டர்’ என்கிறார்கள். எனக்கு டாக்டர்தானா என்று தெரியவில்லை.
– மாணவி, ஃபீனிக்ஸ்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது, தங்கை. ஒரு தடவை டயாலிசிஸ் நடக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் டாக்டரை எத்தனை நிமிடம் பார்த்தீர்கள்? ஊசி போட்டு இரத்தக் குழாயை இணைத்தது யார், மெஷின் அலாரம் அடித்தால் ஓடி வந்தது யார், ஆயாவின் எடையைப் பார்த்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டது யார்? பெரும்பாலும் டயாலிசிஸ் நர்ஸ் அல்லது மருத்துவ மெஷின்களை இயக்கும் கிளினிக்கல் டெக்னாலஜிஸ்ட். பெயர் தெரியாத வேலையை யாரும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. கண்ணுக்குப் பிடித்த வேலைக்கு வாயில் ‘டாக்டர்’ என்ற பெயர் வந்துவிடுகிறது.

அடுத்த மூன்று தடவை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். ஒரு பக்கத்தில் யார் என்ன செய்தார்கள். எதிர்ப் பக்கத்தில், அதை நீங்களே தினம் எட்டு மணி நேரம் செய்ய நேர்ந்தால் எது சலிக்கும், எது சலிக்காது. மூன்றாவது மணி நேரத்தில் எழுதுவதுதான் நிஜம். முதல் அரை மணியில் எல்லாமே அதிசயமாகத்தான் இருக்கும். மற்ற நோயாளிகள் பெயர் எழுதக்கூடாது, போட்டோ கூடவே கூடாது.

வழிகள் இவை. மருத்துவம் ஆறு வருடப் படிப்பு, இரண்டு வருட இன்டர்ன்ஷிப், ஒரு வருட கம்யூனிட்டி சர்வீஸ். கிளினிக்கல் டெக்னாலஜியை டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டமாகவே படிக்கலாம். சிறுநீரகத்துக்கான நெஃப்ராலஜி அதில் ஒரு பிரிவு. இரண்டுக்கும் மேத்ஸ், ஃபிசிகல் சயின்ஸ், லைஃப் சயின்ஸ் மூன்றையும் விடாதீர்கள். குவாசூலு–நட்டாலின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மைய விண்ணப்ப அலுவலகமான சி.ஏ.ஓ. வழியாக ஒரே விண்ணப்பம் போதும். தற்காலிக இடம் தருவது கிரேட் 11 இறுதி மார்க்கைப் பார்த்து. ஆகவே உங்கள் மேட்ரிக் (கிரேட் 12 இறுதித் தேர்வு) இந்த நவம்பரிலேயே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெடிசினுக்குக் கடைசித் தேதி மற்றப் படிப்புகளுக்கு முன்னாலேயே வந்துவிடும். அதைத் தவறவிடுகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் வருடாவருடம் உண்டு.

இடையில் ஒரு சின்னச் சோதனை: பதினாறு வயதும் 50 கிலோ எடையும் இருந்தால் இரத்த தான முகாமில் இரத்தம் கொடுக்கலாம். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்களா, குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? திருப்பிக்கொண்டாலும் பாதகமில்லை, அது பழக்கத்தில் போகும்.

கேள்வி: எங்கள் கோயில் இளைஞர் குழு வருடாவருடம் ‘தொழில் வழிகாட்டி நாள்’ நடத்துகிறது. பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கலைகிறார்கள். மாற்ற வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், டோங்காட்

பதில்: உண்டு ஐயா, மைக்கை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். எட்டு மேசை போடுங்கள். மேசைக்கு ஒரு தொழில்காரர், ஒரு கருவி, பன்னிரண்டு நிமிடத்தில் முடியும் ஒரு வேலை. ஆறு ஆறு பிள்ளைகளாகச் சுற்றட்டும். எலக்ட்ரீஷியன் வீட்டு மின்சாரத்தைப் பிரித்துவிடும் ஒரு பழைய டிபி போர்டைக் கழற்றிக் கொண்டு வரட்டும், மின் இணைப்பு வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுகிற எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் எது என்று பிள்ளைகளே தேடட்டும். கணக்காளர் ஒரு ஷூ பெட்டி நிறைய ரசீது கொண்டு வரட்டும். வாட் வரியும் சேர்ந்த 230 ரேண்ட் பில்லில் 15 சதவீத வாட் எவ்வளவு? பாதிப் பேர் 34.50 என்பார்கள். 230-ஐ 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 30. ஏன் என்று அவர் விளக்குகிற அந்த இரண்டு நிமிடம் ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சமம்.

கெடுவது மூன்று இடத்தில். எட்டு மேசையில் ஆறு டாக்டர், இரண்டு வக்கீல் என்று வைப்பது ஒன்று. ஒரு பிளம்பர், ஒரு தையல்காரர், அன்னதானத்துக்கு நானூறு பேருக்கு அரிசி அளக்கிற அந்த அம்மா, இவர்களுக்கும் மேசை போடுங்கள். பெற்றோர் பின்னால் நின்று பதில் எடுத்துக்கொடுப்பது இன்னொன்று. அவர்களுக்கு வேறு கூடத்தில் டீ. மூன்றாவது, அன்றோடு விட்டுவிடுவது. “என்ன ஆகப் போகிறாய்?” என்று கேட்காமல், “எந்த மேசைக்குத் திரும்பப் போகணும்?” என்று சீட்டில் எழுதி வாங்கி, இரண்டு வாரத்துக்குள் அந்தத் தொழில்காரரின் இடத்துக்கே மூன்று மணி நேரம் அனுப்புங்கள். இரண்டு வாரம் தாண்டினால் சூடு ஆறிவிடும்.

கேள்வி: மேட்ரிக்கில் பட்டப்படிப்புக்கான பேச்சிலர்ஸ் பாஸ் கிடைக்கவில்லை, டிப்ளமோ பாஸ்தான். டீச்சர் ஆகும் ஆசை முடிந்ததா?
– மெர்பேங்க்

பதில்: முடியவில்லை. பேச்சிலர்ஸுக்கு லைஃப் ஓரியன்டேஷன் தவிர நான்கு பாடத்தில் 50 வேண்டும், டிப்ளமோவுக்கு 40. உங்கள் தாளில் 46, 48 என்று நிற்பது எத்தனை? ஒன்றோ இரண்டோ என்றால் அந்தப் பாடங்களை மட்டும் மே–ஜூன் தேர்வில் மறுபடி எழுதுங்கள். அதற்கு மேல் என்றால் டிப்ளமோவில் சேர்ந்து, முடித்தபின் அட்வான்ஸ்டு டிப்ளமோ எடுத்தால் பட்டத்துக்கு இணையான நிலைக்கு வந்துவிடலாம். ஆசிரியப் பயிற்சிக்கு அங்கிருந்தும் வழி உண்டு, ஆனால் டிப்ளமோவில் எடுக்கும் பாடம் பள்ளியில் நடத்தும் பாடமாக இருக்க வேண்டும். பணத்துக்கு அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்ஸ்ஃபாஸ்: குடும்ப வருமானம் வருடத்துக்கு 350,000 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். சி.ஏ.ஓ. விண்ணப்பத்தோடு அது தானாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது, தனியாகப் போட வேண்டும். அடையாள அட்டை, பெற்றோரின் சம்பளச் சீட்டு, பெற்றோரில் ஒருவர் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், எல்லாவற்றையும் இந்த வாரமே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.