கேமராவை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

கேள்வி: சோனி ஏ6400 வைத்திருக்கிறேன், கூடவே வந்த 16-50 கிட் லென்ஸ்தான். மாலையில் வீட்டுக்குள் குழந்தையை எடுத்தால் படம் மணல் தூவியதுபோல் இருக்கிறது. போன் படம் இதைவிடத் தெளிவு. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குப் போய்விடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். லென்ஸில் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். 16 மி.மீ.யில் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துவாரம், 3.5 வரை திறக்கும்; எண் சிறிதானால் துவாரம் பெரிது. 50க்கு ஜூம் செய்தால் 5.6தான். குழந்தையின் முகத்துக்கு ஜூம் செய்யும்போதுதான் உங்களுக்கு வெளிச்சம் அதிகம் தேவை, அங்கேதான் லென்ஸ் கையை விரிக்கிறது. ஓடியாடும் குழந்தைக்கு ஷட்டர் 1/250 நொடி வேண்டும். சாதாரண ட்யூப் லைட் அறையில் 5.6, 1/250 என்று வைத்தால் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 12800 பக்கம் போய்விடும். நீங்கள் பார்க்கும் மணல் அதுதான். லென்ஸில் உள்ள நடுக்கக் கட்டுப்பாடு உங்கள் கை ஆடுவதைச் சமாளிக்கும். குழந்தை ஆடுவதை அது நிறுத்தாது. போன் பல படங்களை அடுக்கிச் சேர்த்து மணலை வழித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதே பாடியில் ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ் மாட்டிப் பாருங்கள். சிக்மா 30 மி.மீ. 1.4 நல்ல தேர்வு. 5.6லிருந்து 1.4க்கு 4 ஸ்டாப் (ஒவ்வொன்றும் இருமடங்கு), அதாவது 16 மடங்கு வெளிச்சம். அந்த 12800 அப்படியே 800க்கு இறங்கும். உங்கள் கேமராவில் உள்ள சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 30 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமில் 45 மி.மீ. காட்டும் அகலத்தைக் காட்டும்; அறைக்குள் புழங்க வசதி. ஆனால் 1 மீட்டர் தூரத்தில் 1.4இல் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். கண்ணை ஃபோகஸ் செய்யும் வசதியை இயக்கியே எடுங்கள். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருந்தால் 2.8க்கு மூடுங்கள். பழைய சோக் வைத்த ட்யூப் லைட்டில் 1/250இல் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. 1/100க்கு இறக்கினால் பட்டை போய்விடும். குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து எடுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய லென்ஸில் படத்தின் வலது ஓரம் மட்டும் மங்கல். லென்ஸ் பழுதா, நான் எடுக்கும் விதம் தவறா?

பதில்: லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி லேசாகச் சாய்ந்தோ விலகியோ உட்கார்ந்திருந்தால் இப்படி ஆகும். கீழே விழுந்த லென்ஸிலும் வரும், பெட்டியிலிருந்து எடுத்த லென்ஸிலும் வரும். சுவரில் செய்தித்தாள் ஒட்டிச் சோதிக்காதீர்கள். கேமரா சுவருக்கு ஒரு நூல் கோணலாக நின்றாலும் ஒரு ஓரம் மங்கும், பழி லென்ஸ் மேல் விழும்.

வெயில் ஏறுமுன் மொட்டை மாடிக்குப் போங்கள். சூடு ஏறினால் காற்றே அலையடித்துப் படத்தைக் கெடுக்கும். லென்ஸ் முன் மாட்டிய யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். முக்காலியில் கேமராவை வைத்து, நடுக்கக் கட்டுப்பாட்டை அணைத்து, 2 நொடி டைமர் போடுங்கள். 100 மீட்டருக்கு அப்பால் எழுத்துள்ள தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் படத்தின் நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிப் பூட்டுங்கள். இனி வளையத்தைத் தொடக் கூடாது. கேமராவைத் திருப்பி, அதே தொட்டி படத்தின் நான்கு மூலைகளிலும் வருமாறு நான்கு படம் எடுங்கள். அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கட்டும். மூடினால் குறை ஒளிந்துகொள்ளும். மின்சார ஜூம் கிட் லென்ஸ் என்றால் நடுவில் கேமராவை அணைக்காதீர்கள், தூங்கவும் விடாதீர்கள். லென்ஸ் உள்ளே சுருங்கி, வைத்த ஃபோகஸ் போய்விடும்.

நான்கையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கல் என்றால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்றில் எழுத்து படிக்க முடிந்து ஒன்றில் மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் குறைதான். ஜூமின் இரு முனைகளிலும் நடுவிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெளிப்படும் குறையும் உண்டு. படங்களை வைத்துக்கொண்டு, திருப்பித் தரும் கெடு முடியுமுன் கடைக்குப் போங்கள்.

கேள்வி: மலைக்காட்சிக்கு அப்பர்ச்சர் 16 வைத்தால் எல்லாம் கூர்மையாக வரும் என்றார்கள். எனக்கு முழுப் படமும் மொழுக்கென்று வருகிறதே?

பதில்: துவாரம் சிறுக்கச் சிறுக்க ஒளி சிதறும். 16இல் ஒரு புள்ளி ஒளி சென்சார் மேல் சுமார் 21 மைக்ரான் வட்டமாகப் பரவுகிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரான்கூட இல்லை. எந்த விலை லென்ஸும் இதிலிருந்து தப்பாது. 8 போதும். 16 மி.மீ.யில் 8 வைத்து 3 மீட்டர் தள்ளியுள்ள கல்லில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து எதிர்மலை வரை தெளிவாக வரும். அருவி நீரைப் பட்டாக்குவதற்காக 16க்குப் போகிறீர்கள் என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவின் ஃபிலிம் கேமராவில் இருந்த நிக்கான் 50 மி.மீ. லென்ஸைச் சோனியில் மாட்ட முடியுமா?

பதில்: தாராளமாக. லென்ஸ் மாட்டும் வளையமான நிக்கான் எஃப் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 46.5 மி.மீ., சோனி ஈ மவுண்டுக்கும் சென்சாருக்கும் 18 மி.மீ. மீதி 28.5 மி.மீ.யை நிரப்பும் வெறும் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி உள்ளதை வாங்காதீர்கள். குழாய் துளி நீளமாக இருந்தாலும் தொலைவில் ஃபோகஸ் எட்டாது, கடையிலேயே வானத்து விளிம்பைப் பார்த்துச் சோதியுங்கள். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதியுங்கள், இல்லாவிட்டால் கேமரா படமே எடுக்காது. ஃபோகஸ் கையால்தான்; ஃபோகஸான விளிம்பில் வண்ணக் கோடு காட்டும் பீக்கிங்கை நம்பாமல் திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். முழுக்கத் திறந்தால் படத்தில் பால் படிந்த மாதிரி ஒரு மினுக்கம் இருக்கும், 2.8க்கு மூடினால் தெளியும். மாட்டுமுன் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. சுத்தம் செய்யும் வரை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.