கேட்காமல் செய்யும் உதவிக்கு மாற்றுத்திறனாளிகள் சிலர் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

பொது இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு வலியச் சென்று உதவினால் அவர் ஏன் எரிச்சலடைகிறார், நல்லெண்ணத்தோடு செய்வதில் என்ன பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு பார்வை மட்டுமே எஞ்சியிருக்க, வெள்ளைக் கோலோடு நடமாடுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எண்ணத்தில் பிழையில்லை, ஆனால் அது பெரும்பாலும் வாய்க்கு வருமுன் கைக்கு வந்துவிடுகிறது.

சாலையைக் கடப்பதற்காக நான் ஓரத்தில் அசையாமல் நிற்கும்போது, பார்ப்பவர்களுக்கு நான் திகைத்து நிற்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் அப்போதுதான் நான் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு இணையாக ஓடும் வண்டிகள் எப்போது கிளம்புகின்றன, குறுக்கே ஓடுபவை எப்போது அடங்குகின்றன என்பதைக் காதால் கணித்தபடி, எதிர்ப்புறத்தை நேராகச் சென்றடையும் வகையில் உடலின் திசையை அமைத்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பற்றி இழுத்தால் திசையும் போகிறது, கணக்கும் போகிறது. அவர் பிடித்தது கோல் இருக்கும் கையாக அமைந்துவிட்டால், அடுத்த அடியில் இருப்பது படியா பள்ளமா என்று அறிவதற்கான வழியும் அடைபட்டுவிடுகிறது. என்னை ஏதோ ஒரு மூலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் மனநிறைவோடு சென்றுவிடுவார். அது எந்த மூலை என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்து சேரும். அந்தச் சாலையைக் கடக்கும் எண்ணமே எனக்கு இல்லாமல், யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்த வேளைகளும் உண்டு.

சக்கர நாற்காலியில் செல்லும் நண்பர்கள் சொல்பவை இதைவிட அபாயமானவை. நாற்காலியின் முன்சக்கரங்கள் மிகச் சிறியவை. பின்னாலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளும்போது அவை ஒரு விரிசலில் சிக்கினாலே, அமர்ந்திருப்பவர் முன்னால் தூக்கி எறியப்படக்கூடும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும் விரல்கள் கம்பிகளுக்கிடையே மாட்டிக்கொள்ளவும் கூடும். பல நாற்காலிகளில் கை வைக்கும் பகுதி கழற்றி மாட்டக்கூடியது என்பதை அறியாமல், அதைப் பிடித்துப் படியேற்ற முயல்பவரின் கையோடு அந்தப் பகுதி மட்டும் தனியே வந்துவிடும். காது கேளாதவரிடம் கத்திப் பேசுவதில் இத்தகைய ஆபத்து இல்லையென்றாலும், கத்தும்போது உதடுகளின் வடிவம் மாறிவிடுவதால், உதட்டசைவைக் கொண்டு புரிந்துகொள்பவருக்கு இருந்த சிறு வசதியும் பறிபோகிறது.

இவையெல்லாம் அறியாமையால் நேர்பவை என்று விட்டுவிடலாம். எனக்கு அதிகம் உறுத்துவது, இந்த உதவியும் எங்கள்மீது விழும் சந்தேகமும் ஒரே மனப்படத்திலிருந்து பிறக்கின்றன என்பதுதான். அந்தப் படத்துக்கு நாங்கள் பொருந்தும்வரை கை நீள்கிறது; பொருந்தாதபோது சுட்டுவிரல் நீள்கிறது. பார்வையற்றோர் என்று சான்று பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒளியையோ உருவத்தையோ ஓரளவேனும் உணரும் பார்வை மிஞ்சியிருக்கிறது. ஆனால் நான் கைப்பேசியை முகத்தருகே பிடித்து, எழுத்துகளைப் பெரிதாக்கிப் படிக்கத் தொடங்கியதும், சற்றுமுன் என்னைத் தோளைப் பிடித்து உட்காரவைத்த அதே மனிதர், "இவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது, நடிக்கிறார்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வலி அல்லது களைப்பின் காரணமாகச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர்களில் சிலரால் எழுந்து நிற்கவும் சில அடிகள் நடக்கவும் இயலும். மேல்தட்டிலிருந்து ஒரு பொருளை எடுக்க அவர்கள் எழுந்துவிட்டால் அவர்களுக்கும் இதே தீர்ப்புதான்.

நாங்கள் எதிரே இருக்கும்போதே, உடன் வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. இது எவ்வளவு பரவலான பழக்கம் என்றால், 1977 முதல் 1998 வரை பிபிசி வானொலியில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஒலிபரப்பான நிகழ்ச்சிக்கு, "இவர் சர்க்கரை போட்டுக்கொள்வாரா?" என்று பொருள்படும் கேள்வியையே கிண்டலாகப் பெயராக வைத்தார்கள்.

வேண்டாம் என்று மறுப்பது நன்றிகெட்டதனம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. மாற்றுத்திறனாளிகளுக்காக அமெரிக்காவில் 1990-இல் இயற்றப்பட்ட சட்டத்தில், தாம் விரும்பாத எந்த உதவியையும் வசதியையும் சலுகையையும் ஏற்கும்படி இந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது என்று தனியாக ஒரு விதியே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2006-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையும், தனது பொதுக் கோட்பாடுகளின் வரிசையில் முதலாவதாக, மனித மாண்பையும் தனக்கானதைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையையும் வைத்திருக்கிறது. ஆனால் நடுத்தெருவில் சட்டத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கடுமையாகப் பேசிவிட்டால், அந்த நபர் அடுத்து சந்திக்கும், உண்மையிலேயே வழி தவறி நிற்கும் ஒருவரைக் கண்டும் காணாமல் போய்விடுவாரோ என்ற அச்சம் எங்களில் பலருக்கு உண்டு. ஆகவே பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொள்கிறோம். நீங்கள் பார்த்த முகச்சுளிப்பு, அந்தச் சிரிப்புகளெல்லாம் தீர்ந்துபோன ஒரு நாளில் வந்ததாக இருக்கலாம்.

அப்படியானால் எப்படித்தான் உதவுவது என்று கேட்டால், முதலில் பேசுங்கள், பதில் வரும்வரை பொறுங்கள். நான் சரி என்றால், என் கையை நீங்கள் பற்றாமல், உங்கள் கையை எனக்குக் கொடுங்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வந்தால், உங்கள் உடலின் அசைவிலிருந்தே திருப்பங்களை அறிந்துகொள்வேன். படி வந்தால் ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். "அதோ, அங்கே" என்பதைவிட "உங்கள் வலப்பக்கம், இரண்டடி தள்ளி" என்பது எனக்குப் பயன்படும். விலகிச் செல்லும்போதும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் காற்றோடு பேசிக்கொண்டிருப்பேன். வேண்டாம் என்றால் இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள். திறந்து கிடக்கும் குழியை நோக்கி நான் நடந்துகொண்டிருந்தால் மட்டும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "கோலோடு வருபவரே, நில்லுங்கள்" என்று உரக்கக் கத்திவிடுங்கள். அதற்காக நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.